மூச்சுக்கு விட்ட கிளை

மத்தியானச் சாப்பாடு முடிந்து, சூரியநெல்லி மலையில் மூடுபனி இறங்கி எதிர் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரையை ஓசையில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மிக்கேல்ராஜின் வீட்டுக்குள் ஒரு பல்லி நாக்கைத் தட்டியது. அதில் ஒரே ஒரு சங்கடம்தான். அந்தக் குளிருக்கு அந்த வீட்டில் பல்லி தங்காது.

'ச்' என்றது. உடனே 'சரக்' என்று பச்சை மரத்தில் கத்தி இறங்கும் சத்தம். பிறகு, வெட்டிய தேயிலைக் கொம்பிலிருந்து வருகிற அந்த ஈரமும் கசப்புமான வாசம், அடுப்புப் புகையையும் தைல நெடியையும் விலக்கிக்கொண்டு மூக்கில் ஏறியது.

"புஷ்பம், பல்லி கத்துச்சே, கேட்டியா?"

"பல்லியும் இல்ல, பாம்பும் இல்ல. மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க" என்றாள் புஷ்பமேரி, சமையற்கட்டிலிருந்து.

அவர் மாத்திரைக்குக் கை நீட்டும்போது எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஒரு சிறுமியின் படம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி.

"இது யாரு புள்ள?"

புஷ்பமேரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சொந்த மகளத் தெரியல, என்ன? சோனாகிட்டச் சொல்றேன். கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து நல்லாக் குடுப்பா."

அவரும் சிரித்து வைத்தார். சோனா என்ற பேரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் இருந்தது.

புஷ்பமேரி சிரித்ததில் தப்பில்லை. மிக்கேல்ராஜ் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் புளுகக்கூடியவர். ஒற்றைக்கொம்பன் யானை ஒன்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து, தொழிலாளிகளோடு வரிசையில் நின்று, கடைசிவரை தன் பேரைக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போனதாகப் புதிதாக வந்த மேனேஜரிடம் சொல்லி, அவரும் அதை நம்பி வேலியைப் பலப்படுத்தியிருக்கிறார். இத்தனை காலம் அவருக்குச் சோறு போடாவிட்டாலும் பேர் வாங்கித் தந்த அந்த முகம், இப்போது நிஜம் சொல்லவேண்டிய நேரத்தில், அவரைக் கைவிட்டது.

மழைக்காலத் தொடக்கத்தில் அவர் மண்டைக்குள் ஏதோ ஒரு நரம்பு அடைத்துக்கொண்டு, கீழே ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் ரிஞ்சு சின்னப் பெண், மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகப் பேசுவாள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். கவாத்து என்றார். தேயிலைச் செடி உயரமாக வளர்ந்துவிடாமல், பட்டுப்போன கொம்பையும் வேண்டாத கிளையையும் வெட்டி மட்டம் பண்ணுகிற வேலை.

"அப்ப மூளையும் அதுதான் செய்யுது, சேட்டா" என்றாள் ரிஞ்சு. "பிறந்த குழந்தைக்கு மூளையில தேவைக்கு மேல கிளை விடும். அம்மா முகம் பார்க்கும், சத்தம் கேட்கும், நடக்கும். உபயோகிக்கிற கிளை தடிக்கும். உபயோகிக்காததை மூளையே வெட்டிக் களையும். நெத்திப் பக்கம் இருக்கறது கடைசியா முடியும், இருபது வயசு தாண்டி."

"அதான் பசங்களுக்கு அதுவரைக்கும் புத்தி வாரதில்ல." மிக்கேல்ராஜ் யோசித்தார். "அது சரி டாக்டரம்மா, கத்தி பிடிக்கிறது யாரு? கங்காணி யாரு?"

ரிஞ்சு சிரித்துக்கொண்டே மாத்திரைச் சீட்டை எழுதினாள்.

வீட்டில் பல்லி கத்திய மறுநாள், பால் காய்ச்சுகிற வேளையில் மறுபடியும் கேட்டது. ச். சரக். பச்சை வாசம். பிறகு வீட்டில் கொல்லைக் கதவு இல்லை. புஷ்பமேரி விறகோடு சுவருக்குள்ளிருந்து வந்தாள், சுவருக்குள் போனாள். அதற்கப்புறம் கோயில் மணி ஊமையானது. கயிறு ஆடியது, மணி ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டு நல்லமுத்து வாசலில் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்த வாய்க்கு மேலே இருந்தது எந்த முகம் என்று சொல்ல முடியவில்லை.

"மண்டைக்குள்ள கவாத்து நடக்குது புஷ்பம்."

"ஆமா, இங்க எங்கூட ஒரு ஆளு குறையுது. வெங்காயத்த உரிங்க."

அவர் வெங்காயம் உரித்தார். உபயோகிப்பதை வெட்டாது என்றாளே டாக்டர். சோனாவை அவர் போனில் கூப்பிட்டே பல நாள் ஆகியிருந்திருக்கும். கொல்லைக் கதவை அவர் தொட்டதே கிடையாது. சரி. எது போனாலும் போகட்டும், இவள் போகக்கூடாது. அன்றிலிருந்து புஷ்பமேரியை உபயோகிக்க ஆரம்பித்தார். அவள் பேரை உரக்கச் சொன்னார். குளிக்கப் போனால் வாசலில் உட்கார்ந்து சொன்னார். அவள் இடது புருவத்தில் இருந்த தழும்பை, வெற்றிலைக் கறையேறிய கடைவாய்ப் பல்லை, முழங்கையின் கறுப்பை, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மனசில் உரம் போட்டார்.

"என்னங்க இப்படிப் பாக்குறீங்க? கல்யாணம் பண்ணும்போதுகூட இப்படிப் பாக்கலையே."

அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வீடு காலியாகிக்கொண்டே போனது. கட்டில் போனது. உப்பின் ருசி போனது. அவருடைய அப்பாவும் அந்த அப்பா நடந்த மலைப்பாதையும் ஒரே வெட்டில் போயின. அவள் மட்டும் நின்றாள். புருவம், பல், முழங்கை, எல்லாம் அப்படியே.

ஒரு சாயங்காலம், பனி ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்கும்போது, அவருக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. அதைத்தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

கவாத்தில் செடியை மொட்டையாக்கமாட்டார்கள். ஒரே ஒரு கிளையை இலையோடு விடுவார்கள். மொட்டைச் செடிக்கு அதுதான் மூச்சு. வெட்டுப்பட்ட இடங்களில் புதுத் துளிர் கிளம்புகிறவரைக்கும் அது நிற்கும்.

துளிர் வந்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள்.

அவருக்கு உச்சந்தலைக்கு உள்ளே அரிக்கத் தொடங்கியது. இதமான அரிப்பு. இளம்பச்சையாக ஏதோ முட்டியது. அதில் ஒரு வீடு இருந்தது, அவர் ஒருநாளும் குடியிராத வீடு. அதில் ஒரு புஷ்பமேரி இருந்தாள். புருவத்தில் தழும்பில்லை. முழங்கை கறுக்கவில்லை.

அவர் எழுந்து, புஷ்பமேரியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது புளுகு இல்ல. மாதா மேல சத்தியமா இல்ல. எனக்கு எங்க அப்பன் பேரு தெரியல. இப்ப உன்னைய வெட்டப் போகுது. என்னைய விடாத."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க... நெசமாவா?"

"நெசமா."

"பயப்படாதீங்க. நான் இங்கனதான் இருக்கேன்." இரண்டு கையாலும் அவர் கையை இறுக்கினாள். "வண்டிக்குச் சொல்றேன். இப்பவே டாக்டர்கிட்டப் போவோம். எப்பதாங்க கேக்குது அந்தச் சத்தம்?"

"மொதல்ல பல்லி கத்தும். அப்புறம் கத்தி."

புஷ்பமேரியின் முகம் மெல்ல மாறியது.

"பல்லியா? ச்-னா?"

"ஆமா."

"அது நீங்கதாங்க" என்றாள். "கத்தியப் போடுறதுக்கு முன்னால எப்பவும் நாக்கத் தட்டுவீங்களே. மலையில உங்களப் பல்லின்னுதான கூப்பிடுவாங்க. இப்பவும் தட்டுறீங்க. நாள் பூரா தட்டுறீங்க. பழக்கம்னு நெனச்சேன்."

வாசம் வந்தது. ஈரம். கசப்பு.

அவர் நாக்கு தானாக அண்ணத்தில் போய் ஒட்டியது.

கீழே இழுத்தார். வரவில்லை. பல்லால் கவ்வினார். ரத்தம். உப்பில்லாத ரத்தம். புஷ்பமேரி ஏதோ கத்தினாள். அவர் அவள் புருவத்தைப் பார்த்தார். தழும்பு. பல். முழங்கை. புஷ்பம். புஷ்பம். புஷ்.

ச்.

சரக்.

அமைதியாக இருந்தது. நல்ல அமைதி. கவாத்து முடிந்த மலைபோல, எங்கு பார்த்தாலும் வெளிச்சம்.

யாரோ ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் மரியாதையாக.

கிழவி சிரித்தாள். வாழ்நாளெல்லாம் ஏமாந்து பழகியவள்போல, நம்பிக்கையோடு, அவர் முகத்தில் எப்போது சுருக்கம் விழும் என்று பார்த்துக்கொண்டே சிரித்தாள். விழவில்லை. அவள் வாய் திறந்தபடியே நின்றது.

"ஏங்க, காபி" என்று உள்ளேயிருந்து புஷ்பமேரி கூப்பிட்டாள்.

"இந்தா வாரேன்."

கிழவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். பாவம், பனியில் எந்த லயத்திலிருந்து வழி தப்பி வந்தாளோ. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியிலிருந்து கதவுப் பலகையில் அடி விழுந்தது. யாருடைய பேரையோ யாரோ கதறினார்கள்.

சமையற்கட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த மங்கலில், வெளிறிய பச்சையாய், முதுகு காட்டி நின்றிருந்தாள் புஷ்பமேரி. ஈரமாக இருந்தாள். இப்போதுதான் மண்ணிலிருந்து வந்தவள்போல மெல்ல அசைந்தாள்.

"புஷ்பம்" என்றார் ஆசையாக.

அவள் திரும்பினாள்.

முகம் இருக்கவேண்டிய இடத்தில், இறுக்கிச் சுருண்ட ஒரு கொழுந்து. இன்னும் விரியவில்லை.