மேலே யாரும் இல்லை

"யாராச்சும் இருக்கீங்களா? இடிக்கப் போறோம்! இருந்தா குரல் குடுங்க!"

உள்ளங்கை எரிய எரிய அந்தக் கதவை மூன்றாவது முறையும் அறைந்தாள் அவள். கீழே தெருவில் இடிக்கும் இயந்திரம் வயிற்றுவலிக்காரனைப் போல முனகிக்கொண்டு நின்றது. அந்த அதிர்வில் இரண்டு மாடிப் படிக்கட்டும் மெல்ல நடுங்கியது. இடுப்பில் செருகியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"என்னம்மா, ஆச்சா? அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம் இருக்கமாட்டான் இந்த டிரைவர். இன்னைக்கே முடிச்சாகணும்." எஞ்சினியர்.

"ஒரே கதவுதான் சார். ரெண்டு நிமிஷம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

டக். டக். டக்.

அவசரமே இல்லாத மூன்று தட்டு. கையால் தட்டும் சத்தமல்ல அது. மரப்பலகையில் இரும்பு படுகிற சத்தம்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். இந்த மாடி ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் கீழே கடை வைத்திருந்த கடிகாரக்காரர் சாவியைக் கொடுத்திருந்தார். அப்படியானால் உள்ளே எவன் புகுந்து படுத்திருக்கிறான்? சாவியைப் போட்டுத் திருகினாள். கதவைத் தள்ளினாள்.

வெறும் அறை. தரையில் விரல் கனத்துக்குப் புழுதி. அந்தப் புழுதியில் ஒரு காலடி கிடையாது, எலி ஓடிய தடம்கூடக் கிடையாது. எதிர்ச்சுவரில் உள்ளறைக்குப் போகும் இன்னொரு கதவு மூடியிருந்தது.

இந்தத் தெருவில் அவள் திறந்து பார்க்கும் தொண்ணூற்று நான்காவது கட்டடம் இது. கடைசியும் இதுதான். கடைத்தெருவை மொத்தமாக வளைத்துப் போட்ட கம்பெனிக்கு, இடிப்பதற்கு முன் உள்ளே ஆளில்லை என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. "வெளியாளை அனுப்பினா அடிப்பாங்க. உங்களை அனுப்பினா திட்டறதோட விட்டுருவாங்க" என்று சிரித்துக்கொண்டே இந்த வேலையைக் கொடுத்தார் எஞ்சினியர். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். எந்த மாடியில் எத்தனை பேர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மூன்று தட்டு, மூன்று அழைப்பு, அறை அறையாக ஒரு பார்வை, பிறகு இறங்கி வந்து தெருக்கதவில் சாக்கட்டியால் பெரிதாக இரண்டே எழுத்து: காலி. அதற்கப்புறம் மெஷின்.

காலிக்காரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். "குண்டு ள போட்டா சாமி, சின்ன ல போட்டா நம்ம இவ" என்று கடிகாரக்காரர் அவள் காதுபடவே சொல்வார். அவளும் சிரிப்பாள். வேறென்ன செய்வது?

பூட்டு ரிப்பேர் செய்கிறவர் போனார். பைண்டிங் கடை போனது. குடைக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, ஒரே கட்டடத்தில் மூன்று பல் டாக்டர்கள், எல்லாரும் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் இருந்த இடத்தில் பதினாலு மாடிக்கு ஒரு கண்ணாடிக் கோபுரம் எழும்பியது. 'நகரத்தின் புதிய இதயம்' என்று அதன் நெற்றியில் எழுதிவைத்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு செல்போன் கடை. மேலே பதிமூன்று மாடியிலும் ஒரு விளக்குக் கிடையாது. காலி செய்து கட்டினார்கள், அது காலியாகவே நிற்கிறது. மதியம் இரண்டு மணிக்கே அதன் நிழல் தெருவை மூடிவிடும். இதயமாம். யாருடைய இதயம்?

டக். டக். டக்.

உள்ளறையிலிருந்து வந்தது. இந்த முறை கொஞ்சம் உரக்க.

அந்தத் தட்டு அவளுக்குத் தெரிந்த தட்டு.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோபுரம் நிற்கும் அதே இடத்தில், முதல் மாடியில், அக்காவின் தையல் கடை இருந்தது. வாயில் எந்நேரமும் ஐந்தாறு குண்டூசிகள் இருக்கும். யாராவது கூப்பிட்டால் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது. கத்தரியின் கைப்பிடியால் வெட்டு மேசையில் மூன்று தட்டு தட்டுவாள். 'இருக்கேன், வர்றேன்' என்று அர்த்தம். வெளியாளுக்கு அது வெறும் சத்தம். தங்கைக்கு அது பேச்சு.

"சார்..." என்று வாக்கிடாக்கியை எடுத்தாள். "உள்ள யாரோ இருக்கற மாதிரி இருக்கு."

"மாதிரியா? இருக்காங்களா இல்லையாம்மா?"

"தட்டற சத்தம் கேக்குது."

"மெஷின் அதிர்வும்மா அது! பழைய கட்டடம், ஜன்னல் தாழ்ப்பாள் ஆடும். இவ்வளவு நாள் நீங்க ஒருதடவை தப்பா சொன்னதில்லை. கடைசி நாள்ல கழுத்தை அறுக்காதீங்க."

ஒருதடவை தப்பா சொன்னதில்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நிழலுக்குள் மஞ்சள் இயந்திரம், பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு எஞ்சினியர். எதிர் நடைபாதையில், கோபுரத்தின் கண்ணாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கடிகாரக்காரர். இயந்திரத்தின் கை மடங்கியபடி மாடிப்படிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் மாடிப்படியைத்தான் முதலில் கடிப்பார்கள். படி போனால் மிச்சம் தானாக உட்காரும்.

சாவி கொடுக்கும்போது கடிகாரக்காரர் கேட்டிருந்தார். "ஏம்மா, உங்க அக்கா எங்கதான் போனாங்க? என் சட்டை ஒண்ணு அவங்ககிட்ட கெடக்கு. சொல்லிக்காமப் போற ஆள் இல்லையே."

"அவ கோவம் உங்களுக்குத் தெரியாதா? ஊரை விட்டே போயிட்டா. மேல போய்ப் பார்த்தேன், மேசைகூட இல்லை."

இரண்டு வருஷமாக எல்லாருக்கும் அதே பதில். கேட்டவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கேட்பதற்குத் தெருவில் ஆள் இருந்தால்தானே?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை, அக்காவின் கடை வாசலில் இரண்டு பேருக்கும் தெருவே வேடிக்கை பார்க்கும் சண்டை.

"இந்தப் பக்கம் எல்லாரும் கிளம்பிட்டாங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"எழுதுடி. எங்க வேணா எழுது. என் நெத்தியிலயே எழுதிட்டுப் போ. கூடப்பொறந்தவளைக் காலி பண்ணின கைன்னு நல்லா சம்பளம் ஏத்திக் குடுப்பாங்க."

"உனக்குப் பொறாமை. ஒரு நாள் என்னை யாராவது மேடம்னு கூப்பிட்டாப் பொறுக்காது உனக்கு."

அக்கா குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு மாடி ஏறிப் போனாள்.

டக். டக். டக்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. "யாருடா அது?" என்று கத்திக்கொண்டே நாலே எட்டில் அறையைக் கடந்து, உள்ளறைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

வாசனைதான் முதலில் வந்தது. தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய், ஈரத் துணியில் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் எழும் ஆவி, புதுத் துணியின் கஞ்சி மணம். பிறகு வெளிச்சம். தெருவை விட்டு மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த மாலை வெயில் அந்த அறைத் தரையில் மஞ்சளாக விரிந்து கிடந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த தரை. கடிகாரக்காரர் கட்டடத்தில் எங்கேயும் பச்சைத் தரை இல்லை.

நடுவில் நீளமான வெட்டு மேசை. அதன் மேல் கத்தரி. மூலையில் தையல் மெஷின்.

ஆள் இல்லை.

"அக்கா?"

ஜன்னலுக்குப் போனாள். கீழே தெரு. எதிரே, வெயிலில் நனைந்தபடி, கடிகாரக்காரரின் கட்டடம். எந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு அவள் ஏறி வந்தாளோ அதே கட்டடம். அதன் வாசலில் கடிகாரக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடைக் கடை திறந்திருந்தது.

அவள் ஜன்னல் கண்ணாடியை அறைந்தாள். கூப்பிட்டாள். கடிகாரக்காரர் நிமிரவில்லை. மஞ்சள் இயந்திரம் ஒன்று அவர் பார்வையை மறைத்துக்கொண்டு இந்தப் பக்கமாக ஊர்ந்து வந்து நின்றது. இந்தக் கட்டடத்தைப் பார்த்து.

வாக்கிடாக்கியை எடுக்கப் போனாள். இடுப்பில் வாக்கிடாக்கி இல்லை. அங்கே ஒரு இஞ்ச் டேப் தொங்கியது.

ஓடு. படிக்கு ஓடு.

கால் வரவில்லை.

குனிந்து பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள்? ஜன்னலில் அல்லவா நின்றுகொண்டிருந்தாள்? தையல் மெஷின் அவள் முன்னால் இருந்தது. பாதங்கள் மிதிபலகை மேல் இருந்தன. அவளுடைய பாதங்கள்தான். இழுத்தாள். அசையவில்லை. மடியில் ஒரு பாதி தைத்த சட்டை. ஆண் சட்டை. காலரில் பேனாவால் எழுதிய சின்னத் துண்டுத் துணி குத்தியிருந்தது: கடிகாரக்காரர்.

கீழே தெருக்கதவு.

தட். தட். தட்.

கதவு தட்டுவதிலேயே ஆளின் குணம் தெரியும். இது வேண்டாவெறுப்பாகத் தட்டிய தட்டு. சண்டையின் சூடு ஆறாத கை.

"யாராச்சும் இருக்கீங்களா?"

அது அவளுடைய குரல். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பது இத்தனை கொடூரமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எவ்வளவு எரிச்சல் அதில். எவ்வளவு வீம்பு.

"இடிக்கப் போறோம். யாராச்சும் இருக்கீங்களா?"

இருக்கேன்! கத்த வாயெடுத்தாள். வாய் திறக்கவில்லை. உதடுகளுக்கு நடுவில் சில்லென்று ஏதோ. நாக்கால் தொட்டாள். குத்தியது.

குண்டூசிகள்.

துப்பப் பார்த்தாள். இன்னும் உள்ளே இறங்கின. நாக்கில் இரும்பு ருசி. இரத்தத்தின் ருசியும். மூக்கால் முனகினாள். இடிக்கும் மெஷினின் முனகலில் அது கரைந்து போனது.

படியில் காலடி கேட்கிறதா?

இல்லை.

ஒரு படிகூட இல்லை.

ஏறி வாடி. ஒரே மாடிதானே. பதினெட்டே படி. ஏறி வா.

"கடைசியா கேக்கறேன். யாராச்சும் இருக்கீங்களா?"

மிரட்டல் தொனி. மெஷின் சத்தம் கேட்டால் தலைதெறிக்க இறங்கி ஓடி வரட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்கிற தொனி. மெஷின் முதலில் படியைத்தான் கடிக்கும் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்ட தொனி.

கை. கை மட்டும் அசைந்தது.

மேசை எட்டியது. கத்தரியைப் பிடித்தாள். கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கீழே வைத்ததைப் போல. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து பலகையில் இறக்கினாள்.

டக்.

டக்.

டக்.

கீழே அமைதி. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். முகத்தைத் தூக்கி மேலே பார்க்கும் நேரம்.

பிறகு தெருக்கதவில் சாக்கட்டி கிறீச்சிட்டது. நீளமாக. இரண்டு எழுத்து.

செருப்பு ஓசை விலகிப் போயிற்று. "காலி சார்!" என்று அவள் குரல் தெருவில் கூவியது. இயந்திரத்தின் முனகல் உறுமலாயிற்று. மாடிப்படிப் பக்கச் சுவரிலிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்து பச்சைத் தரையில் விழுந்தது.

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். சத்தம் கீழே எட்டியிருக்காது என்று அவளால் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. அன்று, கையில் சாக்கட்டியோடு, முதல் படியில்கூடக் கால் வைக்காமல் நின்றபோது, மூன்று தட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.