கூட இருப்பவள்

சிவகுமாரை மைசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நல்ல வெயில். உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் மஞ்சளித்து, நினைவு வருவதும் போவதுமாய்க் கிடந்தான்.

"சமீபத்துல வெளிநாடு எங்கேயாவது போயிருந்தாரா?" என்று கேட்டார் டாக்டர் யதுநந்தன்.

"இல்லீங்க. ஹெப்பாள் கம்பெனி, அதை விட்டா வூடு," என்றாள் அவன் மனைவி மோகனப்ரியா.

பொய். உகாண்டாவுக்கு மெஷின் பொருத்தப் போய் வந்தவன் அவன். சொன்னால், யாரோடு என்று அடுத்த கேள்வி வரும். கூட வேலை பார்த்த அக்ஷதாவோடு. சொந்தபந்தத்திடம் ஓசூர் வேலை என்று மோகனப்ரியா கதைகட்டி வைத்திருந்தாள். அக்ஷதா அங்கேயே காய்ச்சலில் செத்துப் பெட்டியில் வந்த பிறகும் அவளுடைய வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. செத்தவளுக்காக அவன் அழுதானே, அதுதான் பொறுக்கவில்லை.

இளநீர் வாங்கி வந்தவளை வார்டு வாசலில் செக்யூரிட்டி நஞ்சுண்டசாமி மறித்தார்.

"கூட ஒருத்தர்தான் இருக்கலாம், மேடம். அவர் ஹெண்டத்தி உள்ளே போயாச்சு."

"நான்தானுங்க அவரு பொண்டாட்டி!"

தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டெட்டால் வாடையை மீறி ஈரமண் வாசம் அடித்தது. கட்டிலில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நனைந்த கூந்தல். அவள் கை சிவகுமாரின் நெற்றியில் இருந்தது.

மோகனப்ரியாவுக்குப் பயம் வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

"எந்திரிடி."

அவள் திரும்பவில்லை.

சிவகுமார் கன்னடத்தில் முனகினான். "சளி... அக்ஷதாகூ இதே சளி..."

சாகக் கிடக்கும்போதும் அவளுடைய மூக்குச்சளியா பெரிதாகப் போயிற்று! சத்தியமங்கலத்திலிருந்து வாழ வந்தவளுக்கு அப்படித்தான் புரிந்தது.

பின்னால் வந்த நர்ஸ் உமாதேவிதான் திருத்தினாள். "கன்னடத்துல சளின்னா குளிர், மேடம். நடுக்கம். அக்ஷதா யாரு? அவங்களுக்கும் இதே குளிர் ஜுரமா? எங்கே?"

கட்டிலில் இருந்தவள் குனிந்தாள்.

அவன் காதில் ஏதோ சொன்னாள்.

அவன் தலையாட்டினான்.

வருகிறேன் என்பவன் ஆட்டுகிற தலை.

வாயை மூடிக்கொண்டிருந்தால், தாலி கட்டியவனைத் தன் கையாலேயே அவளுக்குத் தாரை வார்த்ததாகிவிடும்.

"உகாண்டா!" என்று கத்தினாள் மோகனப்ரியா. "அவளோடதான் போனாருங்க. அவளும் இதே காய்ச்சல்லதான் செத்தா!"

ரத்தம் எடுத்தார்கள். மலேரியா, மூளை வரை ஏறியிருந்தது. "முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதேம்மா," என்றார் டாக்டர். நரம்பில் மருந்து ஏறியது. கட்டிலில் இப்போது அவன் மட்டும்தான் இருந்தான்.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. கண் விழித்தவன், "மோகனா," என்றான். அந்தப் பெயர் தன்னுடையது என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது. அழுதுகொண்டே கட்டிலில் உட்காரப் போனாள்.

"அங்க உக்காராதே," என்றான் மெல்ல.

குனிந்து பார்த்தாள். மெத்தை அந்த இடத்தில் ஆள் உட்கார்ந்ததுபோல அமுங்கியிருந்தது.

அவள் பார்க்கப் பார்க்க அந்தப் பள்ளம் அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது.