செவ்வாயின் கோணல் நிலாக்கள்

குருண் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் 1980ஆம் ஆண்டு அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிரேமாவதி செவ்வாய்க் கிரகம் செய்யவேண்டும். அதன் இரண்டு நிலாக்களும் அதே வகுப்புக் கென்னத்தின் பொறுப்பு.

பால் வடிய மரப்பட்டையில் போடும் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்தாகிவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். பிரேமாவதி ஒரே நாளில் சுற்றி முடித்துச் சிவப்புச் சாயமும் பூசிவிட்டாள்.

கென்னத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் யாரும் பால் எடுக்க மரம் வெட்டவில்லை. உரிக்க நாடா இல்லை. மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணங்களில் உறைந்த கட்டிப்பாலை, பால் வெட்டும் அம்மா லூர்து மேரியிடம் கேட்டு வாங்கினான். துண்டு துண்டாக அப்பி இரண்டு உருண்டைகள் செய்தான். அவற்றை உருண்டை என்று அவன் மட்டும்தான் சொன்னான்.

"என்னாடா இது? உருளைக்கிழங்கா?" என்றாள் பிரேமாவதி. நாற்றம் வேறு.

பரஞ்சோதி சாரும் முகம் சுளித்தார். "நிலான்னா வட்டமா இருக்கணும்பா. நாளைக்குள்ள சரியா வரலேன்னா செவ்வாய மட்டும் வச்சிடலாம். நீ நாற்காலி அடுக்கு."

சார் போனதும் கென்னத் மெதுவாகச் சொன்னான். "நான் செஞ்சத பாக்கத்தான் அம்மா லீவு கேட்டுட்டு வர்றாங்க."

பிரேமாவதிக்குக் கோபம் போய்விட்டது. பாவமாக இருந்தது. "குடு, அமுக்கிப் பாப்போம்."

இருவரும் அமுக்கினார்கள். கட்டிப்பால் அமுங்கியது, கையை எடுத்ததும் பழையபடி கோணிக்கொண்டது.

"நாடா சுத்தும்போது உள்பக்கமா இழுக்குது. அதான் வட்டமாவுது," என்றாள் அவள். "உன்னோடது சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு. இழுப்பே இல்ல."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்காட்சிக்காகப் புத்தகத்தைப் பார்த்து அவள் எழுதியதும் இப்படித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதைப் பற்றித்தான்: 'பெரும் பாறை ஒன்று செவ்வாயில் மோதியிருக்கலாம். சிதறிய துண்டுகள் அதைச் சுற்றிவந்து, ஒன்றோடொன்று சேர்ந்து நிலாக்களாகியிருக்கலாம். அலைந்து திரிந்த பாறைகளைச் செவ்வாய் பிடித்துக்கொண்டது என்றும் சிலர் சொல்கிறார்கள்.'

"கென்னத், பெரிய நிலாவோட குறுக்களவே இருபது கிலோமீட்டர் சொச்சந்தான், இங்கேருந்து சுங்கை பட்டாணி டவுன் தூரம். அவ்ளோ சின்னதுக்கு உள்பக்கமா இழுக்கத் தெம்பு ஏது? எப்படி வட்டமாவும்?"

புத்தகத்தைப் புரட்டினாள். அதில் கறுப்பாக ஒரு சிறிய படம் இருந்தது. அச்சு சரியில்லை என்று இருவருமே தாண்டிப்போன படம். கீழே 'செவ்வாயின் நிலா' என்று போட்டிருந்தது. நிலா நல்ல கோணல்.

பரஞ்சோதி சார் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு, "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இதையே வைங்க," என்றார்.

மறுநாள் விளக்கம் சொல்லும் குச்சியைப் பிரேமாவதி கென்னத்திடம் கொடுத்துவிட்டாள்.

"ஏன் இப்படிக் கோணலா இருக்கு?" என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கென்னத் சலிக்காமல் பதில் சொன்னான்.

லூர்து மேரி மேசைக்கு அருகே வந்து மூக்கைப் பொத்தினார். "எங்க போனாலும் இந்தக் கட்டிப்பால் வாடை விடாது போல. இதுல எதுடா நீ செஞ்சது?"

"அந்த ரெண்டு நிலாவும்மா."

அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். ஒரு நிலாவை எடுத்துப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். பிறகு அவருக்கும் அடுத்தவரிடம் காட்டினார். கண்காட்சி முடியும்வரை மேசையில் செவ்வாய்க்கு ஒரு நிலாதான் இருந்தது.