பதினேழாம் படுக்கையின் ரிசல்ட்

மார்புநோய் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்கு அவள் டெக்னீஷியனாக மாற்றலாகி வந்தது ஒரு திங்கட்கிழமை மதியம். தரைத்தளத்தின் கோடியில் இருந்தது அந்த அறை. சுவரெல்லாம் ஈரம் பூத்து, நனைந்த துணியைப் பெட்டிக்குள் மடித்து வைத்தாற்போல ஒரு நெடி. ரிசல்ட் கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு.

"பூஞ்சையைத் தேடற இடத்துல பூஞ்சை வாடைதானே அடிக்கும்? ரெண்டு நாள்ல பழகிடும்," என்று சிரித்தார் கூடத்தின் தலைமை மருத்துவர். ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்த அந்தப் பெண்மணியை எல்லோரும் பெரிய மேடம் என்றார்கள். பேசி முடிக்கும்வரை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

அன்று நாலு மணிக்கு ஜன்னலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கசங்கிய சட்டை, பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

"பதினேழாம் பெட்டு, எம் பொண்ணு. ரிசல்ட் வந்துடுச்சாம்மா?" குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

அவள் தேடினாள். இல்லை. "நாளைக்கு வாங்கய்யா."

மறுநாளும் நாலு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மனசு கேட்காமல் அவள் வார்டுக்கே நடந்து போய்ப் பார்த்தாள்.

அங்கே பதினாறு படுக்கைகள்தான் இருந்தன.

பதினாறாவதில் ஒரு தையல்காரப் பெண். எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் கிட்னியை அவளுக்குப் பொருத்தியிருந்தார்கள். உடம்பு அதை வேண்டாமென்று தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருந்தார்கள். காவலில்லாத அந்த உடம்புக்குள் ஏதோ சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. இரண்டு வாரமாகக் காய்ச்சல், இருமல். எந்த ஊசிக்கும் மசியவில்லை.

"என் கிட்னி நல்லாத்தான் வேலை செய்யுதாம் கண்ணு," என்று அந்த அம்மா, பார்க்க வந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நுரையீரலையும் எடுத்துக்கோங்கன்னேன். டாக்டர் திட்டறாரு."

மறுநாள் மதியம், அந்தப் பெண்ணின் நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்த நீர் வந்தது. அவள் சாயமேற்றி, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தாள். பூஞ்சை இருந்தால் கருப்புக்குள் நீலமாய் ஒளிரும். கண் எரிய எரியத் தேடினாள். வெறும் கருப்பு. 'ஒன்றுமில்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தாள்.

பிடரியில் மூச்சுக்காற்று பட்டது.

ஈரமான, குளிர்ந்த மூச்சு. இழுக்கிறது, பாதியில் நிற்கிறது, மறுபடி இழுக்கிறது.

அவளால் திரும்ப முடியவில்லை.

"இன்னொரு தடவை பாருங்கக்கா."

ஒரு இளம்பெண்ணின் குரல்.

மறுபடி குனிந்தாள். ஸ்லைடின் விளிம்பை ஒட்டி மயிரிழை போல ஒன்று. அது கவையாகப் பிரிந்து, கவையிலிருந்து இன்னொரு கவை. நீலமாய்.

வார்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, பெரிய மேடத்தின் அறைக்கு ஓடினாள். பூஞ்சையைச் சொன்னாள், குரலைச் சொன்னாள், நாலு மணிக்கு வரும் பெரியவரைச் சொன்னாள். பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை என்றதும் மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவரோட பொண்ணுக்கும் கிட்னி மாத்தினதுதான்," என்றார் கடைசியில், தடுமாறி. "பத்தொம்பது வயசு. வார்டுல இடமில்லன்னு வராந்தாவுல கட்டில் போட்டுப் பதினேழுன்னு எழுதினோம். ஸ்லைடை நான்தான் பார்த்தேன். வேலை தலைக்கு மேல. மேலோட்டமா பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டேன். அதே தண்ணியைத் தட்டுல வளர விட்டதுல ஆறாம் நாள் பூஞ்சை வந்துச்சு. அவ நாலாம் நாளே போயிட்டா."

"அவங்கப்பா?"

"முழு ரிசல்ட் வேணும்னு வந்து நின்னாரு. அதை அவர் கையில குடுக்க எனக்குத் தைரியம் வரல. நாளைக்கு, நாளைக்குன்னு அனுப்பினேன். ஒருநாள் அந்த பெஞ்சுலயே சாஞ்சு உசிரை விட்டுட்டாரு. பதினோரு வருஷமாச்சு."

நாலு மணியாக ஐந்து நிமிஷம் இருந்தது. மேடம் பீரோவின் அடித்தட்டிலிருந்து மஞ்சளேறிய கவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்றாள்.

நெடி கனத்தது.

"வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுங்க." மேடம் கவரை ஜன்னல் வழியாக நீட்டினார். "பூஞ்சைதான். முதல் நாளே இருந்திருக்கு. நான் சரியா பாக்கல. நான்தாங்க."

பெரியவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு மருந்து இருந்துச்சா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மேடம் சொல்லவில்லை.

"இருந்துச்சுங்க."

பிள்ளையின் பேரைச் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் ஒரு தகப்பன் விழுங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அப்புறம் ஜன்னலில் யாருமில்லை. மேடத்தின் கையில் கவரும் இல்லை.

ஆறு வாரம் கழித்துத் தையல்காரப் பெண் அம்மாவின் தோளைப் பிடித்தபடி நடந்தே வீட்டுக்குப் போனாள். மேடம் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். நாலு மணிக்கு யாரும் வரவில்லை. எல்லாம் ஓய்ந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஒரு நாள் காலை அவள் பூட்டைத் திறந்து உள்ளே வந்தபோது, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் அவளே பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதி ஒதுக்கிய ஸ்லைடு அதில் ஏறியிருந்தது.

குனிந்து பார்த்தாள்.

ஓரத்தில் ஒரே ஒரு இழை.

போனை எடுக்கத் திரும்பியபோதுதான் கவனித்தாள். நாற்காலியின் மெத்தை, யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல, மெல்ல மெல்ல மேலே உப்பிக்கொண்டிருந்தது.