நாலு அங்குலம் தள்ளி

ஏணியின் உச்சியில் நின்று அவள் பஸ் நிழற்குடையின் கூரைக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒருவன் வந்து நிற்பதைக் கவனிக்கவில்லை. பிரஷ்ஷிலிருந்து சொட்டிய ஒரு துளி நேராக அவன் கையிலிருந்த நோட்டில் விழுந்தது.

"மேடம்... இது அரசாங்க நோட்டு."

"நான் மட்டும் என் வீட்டு வேலையா பார்க்கறேன்? தள்ளி நில்லுங்க சார்."

அவன் தள்ளி நின்று நிமிர்ந்து பார்த்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. இமை முடியில் ஒரு நீர்த்துளி, மூக்கின் மேல் நீலப் பொட்டு... எதற்காக வந்தோம் என்பதே அவனுக்கு ஒரு கணம் மறந்துபோனது. அவளுக்கும் கை நின்றுவிட்டது. இவ்வளவு அமைதியான கண்களை வைத்துக்கொண்டு இந்த ஆள் எப்படி அதிகாரியாக இருக்கிறார் என்று நினைத்தாள்.

அவன் சாலைத்துறைக்குப் புதிதாக வந்த ஓவர்சியர். அவள் ஊரின் ஒரே தையல்காரி, மாதர் சங்கத்தின் செயலாளர். அந்த நிழற்குடை சங்கத்துப் பெண்களின் இரண்டு வருட உழைப்பு. பழைய துணியில் பை தைத்து விற்று, இரும்புக்குழாய் வாங்கி, தாங்களே தரை போட்டு எழுப்பியது. நிழற்குடை இருந்தால்தான் பஸ் நிற்கும் என்று பஸ் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் மழையில் இரண்டு மைல் நடக்க வேண்டியதுதான். சனிக்கிழமை முதல் பஸ். அதற்குள் ஓவர்சியரின் கையெழுத்து வேண்டும்.

அவன் இரும்பு டேப்பை இழுத்து அளந்தான். மறுபடியும் அளந்தான். முகம் வாடியது.

"ரோட்டு ஓரத்துலேர்ந்து தூணுக்கு இருபது அடி இருக்கணும். நாலு இஞ்ச் குறையுது."

"நாலு இஞ்ச்தானே தம்பி... கண்டும் காணாம விட்டுடேன்" என்றார் சங்கத் தலைவி. கோழிப்பண்ணை வைத்திருக்கும் அந்த அக்காவை ஊரே கமாண்டர் என்றுதான் கூப்பிடும்.

"விட்டுடலாம்க்கா. ஆனா நாளைக்கு ஒரு லாரி அந்த நாலு இஞ்சை விடணுமே."

ஏணியிலிருந்து அவள் விறுவிறுவென்று இறங்கினாள்.

"பதினோரு வருஷமா அளவெடுக்கறேன். ஒரு சட்டை திரும்பி வந்ததில்ல. உங்க டேப்தான் கோளாறு."

"சரி, உங்க டேப்லயே ஒரு தடவை அளந்து பாருங்களேன்."

"எனக்கு அவசியமில்ல."

அவன் தன் குடையை அவள் பக்கமாக ஏணியில் சாத்திவிட்டு, நனைந்துகொண்டே போனான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டவன் ஒழுங்காகச் சண்டை போட வேண்டாமா?

மறுநாள் காலை யாருக்கோ கோட்டு வெட்ட உட்கார்ந்தாள். டேப்பை எடுத்து, வழக்கம்போல் ஒன்று என்ற எண்ணிலிருந்து விரலை வைத்தாள். டேப்பின் முதல் அங்குலம் கிழிந்துபோய் வருஷம் நாலாகிறது. அவள் கைக்கு அது பழக்கம்... மற்றவர் கைக்கு? தூணுக்கு இடம் குறித்த அன்று அவள் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தாள். இதே டேப்பால் அளந்தது கமாண்டர்.

ஓடினாள். "அக்கா, அன்னைக்கு எங்கேர்ந்து அளந்தீங்க?"

"இது என்னடி கேள்வி? டேப்போட நுனியிலேர்ந்துதான்."

அஞ்சடி டேப். நாலு தடவை வைத்து அளந்திருக்கிறார்கள். தடவைக்கு ஒரு அங்குலம் குறைந்திருக்கிறது.

தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அவனிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது? பேசாமல் இருந்துவிடலாமா? கமாண்டரின் மருமகள் ஏழு மாத வயிற்றோடு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், இவள் அவன் விட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அலுவலகத்தில் அவன் மேஜை மேல் அந்தக் கிழிந்த டேப்பை வைத்தாள்.

"உங்க டேப் சரி. என்னுதுதான் குறை. நான் பேசினதும் தப்பு."

அவன் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. டேப்பின் கிழிந்த நுனியைத் தடவிப் பார்த்தான்.

"நானா இருந்தா இதை எடுத்துட்டு இங்க வந்திருக்க மாட்டேன்" என்றான் மெதுவாக. "தூணெல்லாம் போல்ட் போட்டதுதானே... பிரிக்கவே வேணாம். நட்டைக் கழட்டிட்டு அப்படியே தூக்கி நகர்த்தலாம். ஆனா குறைஞ்சது முப்பது பேர் வேணும். இந்த ஊர்ல எங்க போறது..."

முதல் தடவையாக அவள் சிரித்தாள். "சங்கத்துல நாங்க முப்பத்திரண்டு பேர் சார்."

சனிக்கிழமை விடிந்ததும் நாலு தூணிலும் எட்டெட்டுப் பேர் நின்றார்கள். பால்காரி, டீச்சர், நர்ஸ், மாமியாரும் மருமகளுமாக நாலு ஜோடி. கர்ப்பிணி மருமகளுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து விசிலைக் கொடுத்திருந்தார்கள். விசில் ஒலித்தது.

"தூக்குங்கடி" என்றார் கமாண்டர்.

நிழற்குடை தரையை விட்டு எழுந்தது. நீலத் தகரக் கூரை முப்பத்திரண்டு தலைகளுக்கு மேல் அசைந்து அசைந்து பின்னால் போனது. அவன் மண்டியிட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்றான். "போதும். இருபது அடி ஒரு இஞ்ச்."

"ஒரு இஞ்ச் ஜாஸ்தியா?" என்றாள் அவள் மூச்சு வாங்கியபடி.

"உங்க டேப்புக்காக."

புதுத் துளை போட்டு, நட்டு முறுக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. பஸ் வந்தது... நின்றது. பெண்கள் தட்டிய தட்டலில் டிரைவரே இறங்கி வந்து கும்பிட்டார். கமாண்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

அவன் நோட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டான். பக்கத்தின் நடுவில் அந்த நீலத்துளி காய்ந்திருந்தது.

"இந்தப் பக்கத்தைத் திருப்பவே மனசு வரல" என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நாலு நாளா இதையேதான் பார்த்துட்டு இருக்கேன். சுத்தி வளைக்கத் தெரியல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு." சட்டைப்பையிலிருந்து ஒரு புது டேப்பை எடுத்து நீட்டினான். "எனக்கு ஒரு சட்டை தைக்கணும். வரலாமா?"

அவள் புது டேப்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கழுத்தில் கிடந்த பழையதைக் கையில் எடுத்தாள்.

"புதுசு ஊருக்கு. உங்களுக்குப் பழசுதான்."

"சட்டை அளவு தப்பாதா..."

"தப்பாது, எனக்குத் தைக்கத் தெரியும். ஆனா இதுல அளந்தா, நீங்க ஒரு இஞ்சாவது கிட்ட நிப்பீங்க." சொல்லிவிட்டு அவள் மழையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "எனக்கும் பிடிச்சிருக்கு. ஏணியில நிக்கும்போதே பிடிச்சிருச்சு."

அவன் கிட்ட வந்து நின்றான். பஸ் கிளம்ப மணி அடித்தும், சங்கத்தில் ஒருத்தியும் ஏறவில்லை.