காணாமல் போன நாலு விரல் மெழுகு

ஆண்டனி நிமிர்ந்து நின்றால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயர மெழுகுத்திரி அது.

போன வருடம் ஆண்டனி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பிள்ளை பிழைத்து வந்தால் அவன் உயரத்துக்கு மெழுகுத்திரி ஏற்றுகிறேன்" என்று அம்மா ஞானமேரி, மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பிழைத்து வந்தான். வந்த கையோடு வீட்டைத் தலைகீழாக்கினான். இன்று சாயங்காலம் மாதா கோயில் திருவிழா. நேர்ச்சையைச் செலுத்த வேண்டிய நாள்.

அந்த மெழுகுத்திரியைத்தான் ஷைனி நேற்றே ஏற்றித் தொலைத்தாள்.

ஷைனி ஆண்டனியின் அக்கா, ஆறாம் வகுப்பு. நேற்று அம்மாவும் அப்பாவும் தேருக்குச் சாமந்தி பறிக்கப் போயிருந்தார்கள். ஆறு மணிக்குக் கரண்ட் போனது. சார்ஜ் லைட்டும் கைவிட்டது. ஆண்டனிக்கு இருட்டு என்றால் ஆகாது, அழ ஆரம்பித்தான். இருட்டில் கைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். கொஞ்ச நேரம்தானே என்று அதை ஜன்னல் கம்பியில் கட்டி, அடியில் தாம்பாளம் வைத்து ஏற்றினாள். கரண்ட் வந்தபோது மணி எட்டரை.

ஆனாலும் ஷைனி கலங்கவில்லை. வழிந்த மெழுகெல்லாம் தாம்பாளத்தில்தானே இருக்கிறது? உருகினாலும் மெழுகுதான், இறுகினாலும் மெழுகுதான். காலையில் பெற்றோர் தோட்டத்துக்குப் போனதும், ஒளித்து வைத்திருந்த அதைச் சுரண்டிக் கரண்டியில் உருக்கினாள். பப்பாளி இலைக்காம்பு உள்ளே குழல் அல்லவா? அதை வெட்டி, நடுவில் நூலைத் தொங்கவிட்டு, மெழுகை ஊற்றினாள். ஆறியதும் காம்பைப் பிளந்தாள். வழவழவென்று ஒரு துண்டு வந்தது. அதை மெழுகுத்திரியின் தலையில் ஒட்டி, ஆண்டனியைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

நாலு விரல் குறைந்தது.

"டேய், மெழுகு எடுத்துப் பொம்மை செஞ்சியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. போன மாசம் யானை செஞ்சவன்தான நீ?"

"மாதா மேல சத்தியமா எடுக்கலக்கா." ஆண்டனி டவுசர் பையை வெளியே இழுத்துக் காட்டினான். மூன்று புளியங்கொட்டை, ஒரு சோடா மூடி. அவ்வளவுதான். அவன் கண் நிறைந்துவிட்டது.

ஷைனிக்குச் சுருக்கென்றது. அவன் எடுக்கவில்லை. தானும் சிந்தவில்லை. பின்னே நாலு விரல் மெழுகு எங்கே போனது?

வீடெல்லாம் தேடி, அலமாரிக்கு அடியில் கிடைத்த ஒரு குட்டி மெழுகுத்திரியை எடுத்துக்கொண்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு, முருகேஷ் அண்ணன் மளிகைக் கடைக்குப் போனாள்.

"அண்ணா, இதைத் தராசுல நிக்க வெச்சுக் கொளுத்திக்கட்டுங்களா?"

"ஏம்புள்ள, என் தராசுக்குமா திருவிழா? சரி, ஆளு வந்தா எடுத்துரணும்."

கடையின் எலெக்ட்ரானிக் தராசு 48 கிராம் காட்டியது. சுடர் அசையாமல் எரிந்தது. ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை. பத்து நிமிடத்தில் 48 போய் 47 வந்தது.

ஆண்டனி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொடவே இல்ல."

46.

"தராசுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" முருகேஷ் மெழுகுத்திரியை நகர்த்திவிட்டு நூறு கிராம் எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். சரியாக நூறு. மெழுகுத்திரியை மறுபடி வைத்தார். சற்று நேரத்தில் 45.

யாரும் தொடாமல், கண்ணெதிரே எடை குறைந்துகொண்டே போனது.

ஷைனி சுடரையே பார்த்தாள். அதன் தலைக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. சட்டென்று கடையிலிருந்த சில்லென்ற எவர்சில்வர் டம்ளரை வாங்கி, நன்றாகத் துடைத்து, சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள். உள்ளே மூடுபனி போலப் படர்ந்தது. விரலால் தடவினாள். ஈரம்.

"அக்கா, தண்ணி. நெருப்புக்குள்ள இருந்து தண்ணி வருது."

டம்ளரை இன்னும் இறக்கினாள். அடியில் கருகருவென்று கரி படிந்தது. ஷைனிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளை மெழுகுக்குள் இத்தனை நாளும் இதெல்லாம் இருந்திருக்கிறதா! உருகிய மெழுகு திரும்ப மெழுகானது. எரிந்த மெழுகோ நீராவியாகவும், கரியாகவும், பாடத்தில் படித்த, கண்ணுக்கே தெரியாத கரியமில வாயுவாகவும் மாறிக் காற்றில் ஏறிவிட்டது. இனி எந்தக் காம்பில் ஊற்றினாலும் அது மெழுகாகாது.

"எதுவும் தொலையலடா. எல்லாம் காத்துல இருக்குது. உன்னச் சந்தேகப்பட்டது என் தப்புதான்."

ஆண்டனி அண்ணாந்து பார்த்தான். பிறகு மெழுகு உள்ளே போய்விடாதபடி வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

அம்மா வந்ததும் ஷைனி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா மெழுகுத்திரியைத் தடவிப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். "நேந்துக்கிட்டதுடி இது. குறைச்சுக் குடுக்கலாமா?"

ஷைனி அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினாள். அப்போதுதான் வாசற்கால் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஆண்டனியை நிறுத்தி அப்பா போட்ட பென்சில் கோடு அதில் இருந்தது.

"அம்மா, நீ நேந்துக்கிட்டப்போ இவன் எவ்வளவு உசரம்?"

மெழுகுத்திரியைக் கோட்டருகே நிறுத்தினாள். அது கோட்டைவிட ஒரு விரல் உயரமாகவே நின்றது.

அம்மா அந்தக் கோட்டைத் தொட்டாள். "இத்தனூண்டா இருந்தான் எம்புள்ள" என்று சொல்லிச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "போதும். மாதாவுக்குக் கணக்குத் தெரியும்."

"அப்ப நான் வளர்ந்த அஞ்சு விரலு எங்க இருந்துக்கா வந்துச்சு?" என்றான் ஆண்டனி.

ஷைனி யோசித்தாள். "நீ தின்ன களியில இருந்து. களி ராகியில இருந்து. ராகிப் பயிரு காத்துல இருக்கிற கரியமில வாயுவைத்தான் எடுத்துக்குது." சொல்லிக்கொண்டே அவள் மெழுகுத்திரியைத் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் கோயில் முற்றத்தில் நூற்றுக்கணக்கான மெழுகுத்திரிகள் எரிந்தன. அவற்றின் மேலே காற்று நெளிந்து நெளிந்து, சுவரைத் தாண்டி, ராகிக் காட்டுப் பக்கம் போயிற்று. ஷைனி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

களி என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிற ஆண்டனி, அம்மாவின் சேலையை இழுத்தான்.

"அம்மா, நாளைக்கு எனக்கு ரெண்டு உருண்டை."