முடிச்சுப் போட்ட ஊசி

"விரலைப் பிதுக்காத ஜெனிஷா! சோப்பைப் போட்டுத் தண்ணியை ஓட விடு!"

குழாயடியில் நின்று கத்தினான் லேப் டெக்னீஷியன் வசந்த். கறம்பக்குடியின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஜெனிஷா தியேட்டர் நர்ஸ். ஆபரேஷன் முடிந்து துணிகளை எடுத்தபோது சுருக்கென்று விரலில் ஏறிய ஊசி, தரையில் விழுந்து கிடந்தது. நோயாளிக்கோ எச்.ஐ.வி.

தடுப்பு மாத்திரையை உடனே விழுங்க வைத்தார் டாக்டர் கோபிநாத். "முடிவு தெரியிறவரை பிள்ளைக்குப் பால் குடுக்காதம்மா."

வெளியே, அவள் அம்மா மடியில் ஏழு மாதக் குழந்தை பசியில் வீறிட்டது.

தொற்றுத் தடுப்பு சிஸ்டர் சுடர்விழி நிதானமாக வந்தாள். இடுக்கியால் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு கணம் முகம் மாறியது.

"இன்னிக்கு என்ன நூல் டாக்டர்?"

"எல்லாமே ஊதா."

"இது கறுப்பு. ஊசிக் கணக்கு?"

"போர்டைப் பாருங்க. ஆறு போச்சு, ஆறும் வந்துருச்சு."

"அப்ப இது ஏழாவது!" வசந்த் துள்ளினான்.

"இருப்பா. ஜெனிஷா, எந்தத் துணியை எடுத்தே?"

"அங்கிட்டு ஓரமா இருந்த கவுன், சிஸ்டர். யாரும் போடலை. மடிப்புகூடக் கலையலை."

சுடர்விழி அந்தக் கவுனையும் எடுத்து வந்தாள். "நூல் நுனியைப் பாருங்க, முடிச்சு. ஒடம்பைத் தைக்கிறவங்க நுனியில முடிச்சுப் போட்டுட்டா ஆரம்பிப்பாங்க?"

"தைச்ச பெறகுதான் போடுவோம்," என்றார் டாக்டர்.

"துணி தைக்கிறவங்கதான் மொதல்லயே போடுவாங்க. இந்தக் கவுன்ல நாடா அறுந்து தொங்குது. தேதி முடிஞ்ச ஆபரேஷன் ஊசி நூலை எடுத்து முடிச்சுப் போட்டிருக்காங்க. அதுக்குள்ள யாரோ கூப்பிட, ஊசியைக் கவுன்லயே குத்திட்டு ஓடியிருக்காங்க. கவுனோட சேர்ந்து ஊசியும் கிருமி கொல்ற ஆட்டோகிளேவ் ஆவியில வெந்திருக்கு. எந்த நோயாளி ரத்தமும் இதுல படலை."

டாக்டர் கவுனை விரித்தார், நாடாவைப் பார்த்தார். நீளமாக மூச்சு விட்டார்.

"மாத்திரை இனி வேண்டாம். போம்மா, பிள்ளையைத் தூக்கு."

ஜெனிஷா ஓடினாள். சற்று நேரத்தில் வெளியே அழுகை நின்றது.

"சரி சிஸ்டர், யாரு அந்த டெய்லர்?" வசந்த் கையை உதறினான். "புடிச்சு நறுக்குனு நாலு கேள்வி கேக்கணும்!"

"முடிச்சைப் பார்த்ததுமே ஆளு தெரிஞ்சுபோச்சு. ஆனா வெறும் வாய்ச்சொல்லை நம்பி ஒரு தாய் பால் குடுக்கக் கூடாதுல்ல? அதான் ஆதாரத்தைத் தேடினேன்."

விபத்துப் பதிவேட்டைத் திறந்து, 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் எழுதி, அவன் பக்கம் திருப்பினாள்.

சுடர்விழி.

"ம், கேளுப்பா. நாலு கேள்வி."